'ஏனையவை' என்ற தலைப்புக்குள் ஒரு பரம்பரை நோய்

சுங்கத்தில் பொருள் விடுவிக்கும் எவருக்கும் எச்.எஸ். இலக்கத்தின் அருமை தெரியும். பொருளுக்குத் தனி இலக்கம் இருந்தால் தீர்வை எவ்வளவு, அனுமதிப்பத்திரம் தேவையா என்பதெல்லாம் உடனே தெரிந்துவிடும். 'ஏனையவை' என்ற தலைப்பில் விழுந்தால் விளக்கக் கடிதம், அலைச்சல், தாமதம். நோய்களுக்கும் இவ்வாறு இலக்கங்கள் உண்டு. நான் வைத்தியன் அல்லன். ஆனால் இங்கு பேச வந்த குறை வைத்தியத்தைவிடக் கணக்குப் பதிவையே சார்ந்தது.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஐ.சீ.டீ. பட்டியலை அமெரிக்கா தனக்கேற்றவாறு விரித்து, 2015 ஒக்டோபர் முதல் பாவித்து வருகிறது. அங்கே காப்புறுதிக் கம்பனிக்குப் போகும் ஒவ்வொரு வைத்தியப் பில்லிலும் இந்த இலக்கம் இருக்க வேண்டும். பட்டியலில் 70,000க்கும் மேற்பட்ட இலக்கங்கள் உள்ளன. கிளி கடித்தால்கூட அதற்கென ஓர் இலக்கம் உண்டு. ஆனால் 'லிஞ்ச்' எனும் பரம்பரைப் புற்றுநோய்க்குறிக்கு அதன் பெயரில் இலக்கம் இல்லை.

இது அபூர்வமான நோயல்ல. அங்கே ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு இம்மரபணுக் குறைபாடு இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பெருங்குடல், கருப்பை முதலிய உறுப்புகளில் இளம் வயதிலேயே புற்றுநோய் தோன்றலாம். 1895இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் டொக்டர் வார்தினிடம், தன் குடும்பத்தவர் போல் தானும் புற்றுநோயில் இறப்பேன் என்று ஒரு தையற்காரப் பெண் சொன்னார். அக்குடும்பத்தின் விபரத்தை வார்தின் 1913இல் வெளியிட்டார். 1960களில் டொக்டர் ஹென்றி லிஞ்ச் அந்த ஆய்வைத் தொடர்ந்தார். இன்று ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை கொலனோஸ்கொப்பி செய்து, குடலில் வளரும் பொலிப்புகளைப் புற்றாகுமுன்பே அகற்றிவிடலாம்.

இவர்களின் பில்லில் நெடுங்காலம் 'இஸட் 15.09' என்றே எழுதப்பட்டது. பொருள்: ஏனைய புற்றுநோய்களுக்கான மரபணு ஏதுநிலை. முப்பது வயதுக்காரருக்கு அடிக்கடி கொலனோஸ்கொப்பி ஏன் என்று அந்த இலக்கம் காப்புறுதிக் கம்பனிக்குச் சொல்லாது. பரிசோதனைக்குத் தவணை தவறியவர்கள் யார் என்று வைத்தியசாலை தன் பதிவிலிருந்து பிரித்தெடுக்கவும் முடியாது. ஸ்டொக் புத்தகத்தில் 'பல பொருட்கள்' என்று எழுதி வைத்தால் எது முடிந்துவிட்டது என்று கடைக்காரருக்கு எப்படித் தெரியும்?

முன்னேற்றம் இல்லாமலில்லை. வொன் ஹிப்பல் லிண்டோ நோய்க்கு 2022இலும், குடலில் நூற்றுக்கணக்கான பொலிப்புகள் தோன்றும் குடும்ப நோய்க்கு 2023இலும் தனி இலக்கம் கிடைத்தது. 2025 ஒக்டோபரில் பெருங்குடல் புற்றுநோய் ஏதுநிலைக்கும் ஓர் இலக்கம் வந்தது. ஆனால் அது உறுப்பின் பெயரில் வந்தது. லிஞ்ச் குடும்பத்தவருக்குக் குடல், கருப்பை, சூலகம், சிறுநீர்ப் பாதை எனப் பல இடங்களில் ஆபத்து. ஒரே வாடிக்கையாளரின் கணக்கை நான்கு பேரேட்டில் பிரித்து எழுதுவது போன்றது இது.

பெயர் பதிவானால் தொழிலும் காப்புறுதியும் பாதிக்கப்படாதா என்று சிலர் கேட்கலாம். நியாயமான பயம்தான். அமெரிக்காவின் 2008ஆம் ஆண்டுச் சட்டம், மரபணுத் தகவலை வைத்துச் சுகாதாரக் காப்புறுதியிலும் வேலைவாய்ப்பிலும் பாரபட்சம் காட்டுவதைத் தடுக்கிறது. ஆயினும் ஆயுள் காப்புறுதியும், 15 பேருக்குக் குறைவானோர் வேலை செய்யும் ஸ்தாபனங்களும் அதற்குள் வரவில்லை. இந்த ஓட்டையைச் சட்டத்தால் அடைக்க வேண்டும். நோயின் பெயரை மறைப்பதால் அது அடைபடாது என்பதே எனது கருத்து.

இலக்கங்களைப் பரிசீலிக்கும் குழு வருடத்தில் மார்ச், செப்டெம்பர் மாதங்களில் கூடுகிறது. பொதுமக்களும் அதற்குப் பிரேரணை அனுப்பலாம். வைத்தியச் சங்கங்களும் நோயாளர் குடும்பங்களும் லிஞ்சின் பெயரிலேயே ஓர் இலக்கத்தைக் கேட்க வேண்டும்.

இலக்கம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலையொன்று நமக்கும் உண்டு. ஒரே வழியில் இரண்டு மூன்று பேருக்குப் பெருங்குடலிலோ கருப்பையிலோ புற்றுநோய் வந்து, அதிலும் ஒருவருக்கு ஐம்பது வயதுக்கு முன் வந்திருந்தால், யாருக்கு எந்த வயதில் என்ன நோய் என்று ஒரு தாளில் எழுதி வைத்தியரிடம் காட்டுங்கள்.