கொசுறு அல்ல, கடன்



காய்கறி வாங்கினால் ஒரு கொத்துக் கறிவேப்பிலை கொசுறாக வரும். அதற்கு யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. ஆனால் கொசுறு என்று சொல்லித் தரப்படுவதெல்லாம் கொசுறு அல்ல என்பதை, ஓய்வு பெற்ற பிறகு கைப்பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டுக்கு இன்வெர்ட்டர் ஒன்று வாங்கினேன். தனியாக வாங்கினால் 20,000 ரூபாய். மூன்று ஆண்டுப் பராமரிப்புக்குத் தனியாக 5,000 ரூபாய். இரண்டும் சேர்த்து 22,500-க்குத் தந்தார்கள். ஆனால் பில்லில் எழுதியது: 'இன்வெர்ட்டர் 22,500, பராமரிப்பு இலவசம்'. எட்டு மாதம் கழித்து ஆள் அனுப்பச் சொன்னேன். "இலவசமாகச் செய்வதுதானே சார், ஆள் இருக்கும்போது அனுப்புகிறோம்" என்றார்கள். இன்றுவரை யாரும் வரவில்லை. பிழைப்புக்கு ஊர்விட்டு வந்த நமக்கு, மலையாளத்தில் சண்டை போடவும் கொஞ்சம் தயக்கம்தான்!

நான் பொறியியல் பிரிவில் இருந்தவன், கணக்கன் அல்ல. ஆனாலும் ரயில்வே கற்றுத் தந்த பாடம் ஒன்று உண்டு. தம்பானூரில் டில்லிக்கு டிக்கெட் எடுத்தால், பணம் முழுவதும் தென்னக ரயில்வேயின் கையில் விழுகிறது. வண்டியோ பல மண்டலங்களின் பாதையில் ஓடுகிறது. ஆகவே வசூல் ஒரு கணக்கு. மண்டலங்களுக்குப் பிரித்த பின் நிற்கும் வருமானம் வேறொரு கணக்கு. வாங்கிய பணம் எல்லாம் சம்பாதித்த பணம் ஆகாது.

பெரிய கம்பெனிகளுக்கும் இதே நியாயம்தான். 2014-ல் வெளியான பன்னாட்டுத் தரத்தை ஒட்டி, 'இண்ட் ஏ.எஸ். 115' என்ற கணக்கியல் தரம் 2018 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் நடைமுறையில் உள்ளது. பொருளையும் சேவையையும் சேர்த்து விற்றால், அவற்றின் தனித்தனி விலைகளின் விகிதத்தில் பணத்தைப் பிரிக்க வேண்டும் என்கிறது அது. என் கணக்கில் தள்ளுபடி பத்தில் ஒரு பங்கு. எனவே இன்வெர்ட்டருக்கு 18,000; பராமரிப்புக்கு 4,500. முதல் தொகை பொருளைக் கொடுத்த அன்றே வருமானம். இரண்டாவது, 36 மாதங்களில் மாதம் 125 வீதம்தான் வருமானமாகும். அதுவரை மீதித் தொகை வாடிக்கையாளருக்குப் பட்ட கடன். உற்பத்திக் குறையைச் சரிசெய்து தரும் சாதாரண உத்தரவாதத்தை இப்படித் தனியே பிரிப்பதில்லை. அதற்கு மேற்பட்ட பராமரிப்பைத்தான் பிரிப்பார்கள்.

இந்தக் கணக்குப்படி எட்டு மாதம் போக, மீதி 28 மாதத்துக்கு 3,500 ரூபாய் எனக்கு வர வேண்டிய கடன். அதை 'இலவசம்' என்ற ஒரே சொல் மறைத்துவிட்டது.

அந்தச் சொல் வெறும் விளம்பரம் அல்ல. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், கட்டணமின்றிச் செய்யும் சேவையைச் 'சேவை' என்ற விளக்கத்திலிருந்தே விலக்குகிறது. சேவையின் விலை பொருளின் விலையிலேயே அடங்கியிருக்கிறது என்று நாம் வாதாடலாம். ஆனால் பில்லில் பிரித்து எழுதியிருந்தால் அந்த வாதத்துக்கே அவசியம் இராது.

சிறிய கடைகளுக்கு இந்தக் கணக்கியல் தரம் கட்டாயமில்லை என்பது உண்மை. பில்லில் ஒரு வரி கூடுதலாக எழுதத் தரம் எதற்கு? 2023 ஏப்ரல் 25 அன்று தொடங்கிய திருவனந்தபுரம்–காசர்கோடு வந்தே பாரத் வண்டியில், சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிப் பதிவு செய்தால் அதன் கட்டணம் கழிந்துவிடுகிறது. எது பயணத்துக்கு, எது சாப்பாட்டுக்கு என்று அங்கே தெரிகிறது. அத்தனை பெரிய ரயில்வேயால் முடிவது, தெருமுனைக் கடைக்கு முடியாதா?

தூர தேசத்திலிருந்து பெற்றோருக்குப் பொருள் வாங்கித் தரும் பிள்ளைகளுக்கும் சேர்த்தே சொல்கிறேன். 'இலவசப் பராமரிப்பு' என்றால் மகிழ்ந்துவிடாதீர்கள். அதன் விலையையும் காலத்தையும் பில்லில் தனி வரியாக எழுதி வாங்குங்கள். கறிவேப்பிலைக்கு ரசீது வேண்டாம். கடனுக்குக் கட்டாயம் வேண்டும்.