வந்த வழியே திரும்பும் பணம்

நம் பகுதியினருக்குப் பயணச்சீட்டு புதிதன்று. சென்னையிலிருந்து வரும் இருப்புப்பாதை பெங்களூருக்கு ஒன்றாகவும் சேலத்துக்கு ஒன்றாகவும் பிரியும் ஜோலார்பேட்டைச் சந்திப்பின் அருகே வாழ்பவர்கள் நாம். ரயில் டிக்கெட்டை ரத்து செய்தால் பிடித்தம் போக எவ்வளவு கிடைக்கும் என்பதை நம் வீட்டுச் சிறுவரும் சொல்லிவிடுவர். ஆனால் இன்று நம் குடும்பங்கள் பலவற்றில் ஒருவரேனும் விமானம் ஏறுகின்றனர். ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிலின் பொருட்டு ஐரோப்பா செல்வோர் உண்டு. பிழைப்பை நாடி வளைகுடா நாடுகளுக்குச் செல்வோர் உண்டு. அவர்கள் கடல் கடந்திருக்கையில் பயணம் நின்றுபோனால், "பணம் திரும்பும்" என்று எழுதியிருந்த டிக்கெட்டின் பணம் யாரிடம், எவ்வழியாக வந்துசேரும் என்பதை இம்மாதம் ஆராய்வோம்.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். தம்பி குவைத்தில் பணிபுரிகிறான். அவன் ஊர் திரும்புவதற்கான டிக்கெட்டை அண்ணன் இங்குள்ள முகவரிடம் ரொக்கம் கொடுத்து வாங்கி, கைப்பேசியில் அனுப்பிவைக்கிறார். கடைசி நேரத்தில் விடுப்பு மறுக்கப்படுகிறது. தம்பி அங்குள்ள விமான நிறுவன அலுவலகத்துக்குச் சென்று பணம் கேட்கிறான். "முகவர் வழியாகவே கிடைக்கும்" என்கிறார்கள். அண்ணன் முகவரிடம் கேட்கிறார். "நிறுவனத்திடமிருந்து இன்னும் வரவில்லை" என்கிறார் அவர். மாதங்கள் கழிகின்றன. அந்தத் தொகை, தம்பி வாங்கவேண்டிய அடுத்த டிக்கெட்டின் விலை. அது வராமையால் வீட்டு நகை அடகுக்குப் போகிறது.

இங்கே யாரும் பொய் சொல்லவேண்டிய அவசியமில்லை. விமானத் தொழிலின் வழக்கம் அதுவே. பணம் எந்த வழியே சென்றதோ அந்த வழியேதான் திரும்பும். பயணியின் கார்டிலிருந்து சென்றிருந்தால் அந்தக் கார்டுக்கே வரும். முகவர் நம் ரொக்கத்தைத் தாம் வைத்துக்கொண்டு, தம் கணக்கிலிருந்து நிறுவனத்துக்குச் செலுத்தியிருந்தால், நிறுவனத்தின் ஏட்டில் பணம் கொடுத்தவர் முகவரே. ஆகவே அவர் கணக்குக்கே அது திரும்பும். பயணியின் பெயர் டிக்கெட்டில் இருப்பதால் மட்டும் பணம் அவர் கைக்கு வந்துவிடாது.

"பணம் திரும்பும் டிக்கெட்" என்ற சொல்லையும் நாம் சரியாகப் பொருள்கொள்ள வேண்டும். முழுத்தொகையும் எந்நேரமும் திரும்பும் என்பது அதன் பொருளன்று. பெரும்பாலான டிக்கெட்டுகளில், விமானம் புறப்படுமுன் ரத்து செய்தால் ஒரு பிடித்தம். சொல்லாமல் வராதிருந்துவிட்டால் அதனினும் பெரிய பிடித்தம், அல்லது கட்டணம் முழுவதும் இழப்பு. எனவே "அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்" என்று இருப்பவர், சட்டம் தந்த உரிமையைத் தாமே கைவிடுகிறார். முதலில் ரத்து, பிறகே பேச்சு.

போக வர ஒன்றாக வாங்கிய டிக்கெட்டில் இன்னொரு ஏமாற்றம் காத்திருக்கும். ஒரு வழி போய்விட்டபின் மறுவழியை ரத்து செய்தால் பாதிப் பணம் கிடைக்கும் என்று பலரும் கணக்கிடுகின்றனர். நிறுவனங்களோ, போன வழிக்குத் தனி ஒருவழிக் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவதே வழக்கம். ஒருவழிக் கட்டணம் பெரும்பாலும் பாதிக்கு மேல் இருக்குமாதலால் மீதி மிகக் குறைவாகவே இருக்கும்.

இனி சட்டத்தின் நிலை. நம் நாட்டில் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் 2008-ஆம் ஆண்டிலேயே டிக்கெட் பணத்தைத் திருப்பித் தருவதற்கென விதிகளை வகுத்தது. 2016 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த திருத்தம் அவற்றை வலுப்படுத்தியது. அவற்றுள் நாம் நினைவில் கொள்ளத்தக்கவை மூன்று. ஒன்று: முகவர் வழியாக வாங்கியிருந்தாலும் பணம் திரும்பச் செய்யும் பொறுப்பு நிறுவனத்துடையதே, முகவர் அதன் பிரதிநிதியே. இரண்டு: சலுகை விலையில் வாங்கிய, பணம் திரும்பாத டிக்கெட்டாயினும், பயணம் செய்யாதவருக்கு வரிகளும் விமான நிலையக் கட்டணங்களும் திரும்பவேண்டும். மூன்று: பணத்துக்குப் பதிலாக அதனை அடுத்த பயணத்துக்கென நிறுவனத்திடமே வைத்துக்கொள்வது பயணியின் விருப்பமேயன்றி நிறுவனத்தின் விருப்பமன்று. திருப்பித் தரவேண்டிய நாள்கணக்கு அவ்வப்போது திருத்தப்படுவதால், ரத்து செய்யும் வேளையில் நடப்பிலுள்ள விதியைப் பார்த்துக்கொள்வது நலம். வெளிநாட்டு நிறுவனங்களைப் பொறுத்தவரை அவற்றின் தாய்நாட்டு விதிகளையும் கருதவேண்டும் என்று அத்திருத்தம் கூறியது.

இவ்விதிகள் கடும் சோதனைக்கு உள்ளானது 2020-இல். கொரோனாப் பெருந்தொற்றினால் அவ்வாண்டு மார்ச் 22 முதல் வெளிநாட்டு விமானங்களும், 25 முதல் உள்நாட்டு விமானங்களும் நிறுத்தப்பட்டன. வளைகுடாவில் வேலையிழந்து நின்ற நம்மவர் கையில் பறக்காத விமானத்தின் டிக்கெட் இருந்தது. ஊர் திரும்ப வேறொரு டிக்கெட் வாங்கவேண்டியிருந்தது. மே 7 முதல் இந்திய அரசு 'வந்தே பாரத்' விமானங்களை இயக்கியபோது, அதற்கும் பயணியே கட்டணம் செலுத்தவேண்டியிருந்தது. முதல் டிக்கெட்டின் பணத்துக்குப் பதிலாகப் பல நிறுவனங்கள் 'கிரெடிட் ஷெல்' என்னும் வரவுக் கணக்கையே தந்தன. வேலையும் வருவாயும் அற்றவனுக்கு வருங்காலப் பயணத்தின் வரவுக் கணக்கு எவ்விதம் உதவும்?

புலம்பெயர்ந்தோருக்காக உழைக்கும் 'பிரவாசி லீகல் செல்' என்னும் அமைப்பு உச்ச நீதிமன்றத்தை அணுகியது. 2020 அக்டோபர் 1 அன்று தீர்ப்பு வந்தது. ஊரடங்குக் காலத்தில் பயணம் செய்ய ஊரடங்குக் காலத்திலேயே பதிவு செய்தவர்களுக்கு முழுப்பணமும் உடனே தரவேண்டும். மற்றவர்களுக்கு 15 நாட்களுக்குள் தர முயலவேண்டும். நிதி நெருக்கடியால் இயலாத நிறுவனம், 2021 மார்ச் 31 வரை செல்லும் வரவுக் கணக்கைத் தரவேண்டும். அதனைப் பயணி பிறருக்கு மாற்றிக்கொடுக்கலாம். தாமதத்துக்கு ஈடாக அதன் மதிப்பு 2020 ஜூன் 30 வரை மாதம் 0.5 விழுக்காடும், அதன்பின் 0.75 விழுக்காடும் உயரவேண்டும். பயன்படுத்தாதது மீண்டும் பணமாகவேண்டும். முகவர் வழி வாங்கியவருக்கு முகவர் வழியே பணம் சென்று, அவர் அதனைத் தாமதமின்றிப் பயணியிடம் சேர்க்கவேண்டும். நாட்டின் உயர்ந்த நீதிமன்றமும் பணம் வந்த வழியை மாற்றவில்லை என்பதை நேயர்கள் கவனிக்கவேண்டும்.

விமானத்தை நிறுவனமே ரத்து செய்தால் அயல்நாட்டுச் சட்டங்களும் பயணிக்குத் துணைநிற்கின்றன. ஐரோப்பிய ஒன்றிய நாட்டு விமான நிலையத்திலிருந்து புறப்படும் எந்நிறுவனத்தின் விமானமாயினும், 261/2004 எனும் ஒழுங்குமுறைப்படி, பணமே வேண்டும் என்று கேட்பவருக்கு 7 நாட்களுக்குள் அதனைத் தரவேண்டும். பயணி கையொப்பமிட்டு ஒப்புக்கொண்டாலன்றி வவுச்சரைத் திணிக்கலாகாது. அமெரிக்க விதி, கிரெடிட் கார்டில் செலுத்தியவருக்கு 7 வேலைநாட்களையும், வேறு வகையில் செலுத்தியவருக்கு 20 நாட்களையும் வரம்பாக வைத்துள்ளது.

நிறுவனமே வீழ்ந்துவிட்டாலோ எந்த விதியும் முழு ஆறுதல் தராது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-உடன் பறப்பதை நிறுத்திற்று. 2024 நவம்பரில் அதனைக் கலைக்க உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்தில் நின்றது. டிக்கெட் வாங்கியிருந்தோர் கடன் கொடுத்தோரின் நீண்ட வரிசையில் நிற்கவேண்டியவராயினர். அத்தகைய வேளையில் கார்டில் செலுத்தியவருக்கு மட்டும் இன்னொரு கதவு உண்டு. பெறாத சேவைக்கான தொகையை மீட்டுத் தருமாறு தம் வங்கியிடம் அவர் காலக்கெடுவுக்குள் கோரலாம். 'சார்ஜ்பேக்' என்பது அதன் பெயர். ரொக்கம் கொடுத்தவருக்கு இக்கதவு இல்லை.

ஆகவே நேயர்கள் செய்யத்தக்கது என்ன? இயன்றவரை பயணியோ குடும்பத்தாரோ தம் சொந்தக் கணக்கிலிருந்தே நேராகச் செலுத்துக. முகவரிடம் வாங்கினால், முழுத்தொகைக்கும் ரசீதும், ரத்து செய்தால் பிடித்தம் எவ்வளவு, அவருடைய கூலி எவ்வளவு என்பதை எழுத்திலும் பெற்றுக்கொள்க. பி.என்.ஆர். எண்ணோடு 13 இலக்க டிக்கெட் எண்ணையும் குறித்துவைக்க. ரத்து செய்தவுடன் அதற்கான உறுதிச் செய்தியைக் கேட்டுப் பெறுக. பின்னர் நிறுவனத்திடம், "பணம் முகவருக்கு எந்த நாளில் அனுப்பப்பட்டது?" என்று மின்னஞ்சலில் வினவுக. அந்த ஒரு விடை, பணம் எவரிடம் தங்கியுள்ளது என்பதைக் காட்டிவிடும். இணையத்தில் தேடிக் கிடைத்த எண்ணுக்கு அழைத்து, ஓ.டி.பி. சொல்லி, உள்ள பணத்தையும் இழக்காதீர்.

இவற்றாலும் பயனில்லையேல், மத்திய அரசின் 'ஏர் சேவா' தளத்திலும், 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் முறையிடலாம். அதற்கும் மேல், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், முறையீட்டாளர் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே வழக்கிட இடமளிக்கிறது. பணம் கொடுத்தவரும் நுகர்வோரே. ஆதலால் குவைத்திலுள்ள தம்பி வந்துதான் ஆகவேண்டும் என்பதில்லை. இங்குள்ள அண்ணனே முறையிடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான செலுத்துதொகைக்கு ஆணையத்தில் கட்டணம் கிடையாது. இரண்டாண்டுக்குள் தொடுக்கவேண்டும்.

வெளிநாட்டில் இருப்பவர் தம் டிக்கெட்டின் பணத்துக்காக ஊரை நம்பியிருக்கிறார். ஊரில் உள்ளவர் கையில் ஒரு ரசீதும் இரண்டு எண்களும் இருந்தால் அந்த நம்பிக்கை வீண்போகாது. அடுத்த முறை பணத்தை எண்ணிக் கொடுக்குமுன், அது திரும்பவேண்டி வந்தால் எவர் கைக்கு வரும் என்பதை ஒருமுறை கேட்டுத் தெளிவோமாக.