வாட்ச்மேனைத் தாண்டி ஒரு ஆராய்ச்சி!

உங்க கிளாஸ்ல யார் 'பெரிய இடத்துப் பிள்ளை'னு கேட்டா, டக்குனு ஒரு பேர் சொல்லிடுவீங்க. எப்படிக் கண்டுபிடிச்சீங்க? அவங்க அப்பாவோட பேங்க் பாஸ்புக்கையா பார்த்தீங்க? இல்லையே! ஹெச்.ஓ.டி. ரூமுக்குள்ள பதற்றமே இல்லாம நுழையுறது, பீட்டர் விடாமலேயே இங்கிலீஷ் சரளமா வர்றது, பெரிய ஹோட்டல்ல மெனு கார்டைப் பார்த்து முழிக்காம இருக்கறது... இதையெல்லாம் வெச்சுத்தானே? அப்போ நீங்களும் பாதி சமூகவியலாளர்தான்!

இந்த விஷயத்தை விலாவாரியாக ஆராய்ந்தவர் பிரான்ஸைச் சேர்ந்த பியர் பூர்தியு. கிராமத்துத் தபால் ஊழியர் ஒருவரின் மகன். என்ன இசை பிடிக்கும், வீட்டுக்கு வர்ற விருந்தாளிக்கு என்ன சமைப்பீங்க என்றெல்லாம் கேள்வி கேட்டு சர்வே எடுத்தார். அதை வைத்து 1979-ல் தடிமனாக ஒரு புத்தகம் எழுதினார். அவர் சொன்னதன் சாரம்: பணம் மட்டும் சொத்து இல்லை. யார் யாரைத் தெரியும் என்பதும் சொத்து. வீட்டில் ஊறிப்போன ரசனை, பேச்சு, நடை உடை பாவனையும் சொத்து. மூணாவது சொத்துக்குப் பத்திரம் கிடையாது. அதனால பார்க்கிறவங்க அதை 'திறமை'னு நினைச்சுக்குவாங்க!

சரி, மேல்தட்டு மக்களை எப்படி ஆராய்ச்சி பண்றது? ஏழைங்க வீட்டுக் கதவைத் தட்டினா, உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்துப் பேசுவாங்க. பெரிய பங்களா வாசல்ல வாட்ச்மேன் நிப்பாரே! 'எப்பவும் கீழே இருக்கிறவங்களையே ஏன் ஆராய்றீங்க? அதிகாரத்துல இருக்கிறவங்களையும் ஆராயுங்க' என்று அமெரிக்க மானிடவியலாளர் லாரா நாடெர் 1972-லேயே கட்டுரை எழுதினார்.

ஒரு வழி, கேள்வித்தாள். பி.பி.சி.யோடு சேர்ந்து பிரிட்டிஷ் சமூகவியலாளர்கள் இணையத்தில் ஒரு வர்க்க சர்வே நடத்தினாங்க. 1,61,000 பேருக்கு மேல் பதில் சொன்னாங்க. ஆனா பார்த்தா, வசதியான, படிச்ச ஆளுங்கதான் ஆர்வமா வந்து நிரப்பியிருக்காங்க! அப்புறம் எல்லாத் தரப்பையும் பிரதிபலிக்கிற மாதிரி சுமார் 1,000 பேரிடம் தனியாக சர்வே எடுத்து, ரெண்டையும் சேர்த்து 2013-ல் முடிவை வெளியிட்டாங்க. பிரிட்டனில் ஏழு வர்க்கம். உச்சியில் இருப்பது 6 சதவீதம் பேர் என்பது அவங்க கணக்கு.

இன்னொரு வழி, நேரா உள்ளேயே போயிடறது. ஷேமஸ் கான் அமெரிக்காவின் மிகப் பணக்கார போர்டிங் ஸ்கூல்களில் ஒன்றான செயின்ட் பால்ஸில் படித்தவர். பிறகு அங்கேயே ஆசிரியராகத் திரும்பிப் போய், ஒரு வருஷம் கூர்ந்து பார்த்து, 2011-ல் புத்தகம் எழுதினார். அந்தப் பசங்க அங்கே கத்துக்கிற முக்கியமான பாடம் கணக்கோ இங்கிலீஷோ இல்லையாம். எந்த இடத்திலும், யார் முன்னாலும் கூச்சமில்லாமல் இருப்பதுதானாம்! கோட், டை மாட்டிக்கிட்டு ஆசிரியர்களோடு ஒரே மேஜையில் டின்னர். அதைப் பல தடவை செஞ்சா யாருக்குத்தான் பயம் போகாது? ஆனா அந்தப் பசங்க, 'இது எங்க உழைப்புல வந்தது' என்று மனசார நம்புறாங்க.

இப்போ நம்ம ஏரியாவுக்கு வருவோம்... இன்டர்வியூ! லாரன் ரிவெரா 2006 முதல் 2008 வரை, அமெரிக்காவின் டாப் சட்ட நிறுவனங்கள், இன்வெஸ்ட்மென்ட் பேங்க், கன்சல்டிங் கம்பெனிகளில் ஆள் எடுக்கும் 120 பேரைப் பேட்டி எடுத்தார். இன்டர்வியூ கட்டத்தில் எது ரொம்ப முக்கியம்? பாதிக்கும் மேற்பட்டவர்கள் சொன்ன பதில், 'எங்களோட செட் ஆகணும்'. அதாவது அதே பொழுதுபோக்கு, அதே பேச்சு, அதே மாதிரி வளர்ப்பு.

எஞ்சினியரிங் படிக்கிற எனக்கு ரொம்பப் பிடிச்சது அடுத்த எக்ஸ்பெரிமென்ட்தான். ஒரே ஒரு வேரியபிள், மத்தது எல்லாம் கான்ஸ்டன்ட்! ரிவெராவும் ஆண்ட்ராஸ் டில்சிக்கும் 316 சட்ட அலுவலகங்களுக்குக் கற்பனை மாணவர்களின் பயோடேட்டாவை அனுப்பினாங்க. மார்க், படிப்பு, அனுபவம் எல்லாம் ஒண்ணு. ஒருத்தருக்குப் பாய்மரப் படகு, போலோ, கிளாசிக்கல் மியூசிக். இன்னொருத்தருக்கு ஓட்டப்பந்தயம், கன்ட்ரி மியூசிக். குடும்பப் பேரும் அதுக்கேத்த மாதிரி. 2016-ல் வெளியான ரிசல்ட்: படகு விடுற பையனுக்கு 16 சதவீத இடங்களிலிருந்து அழைப்பு. ஓட்டப்பந்தயப் பையனுக்கு வெறும் 1 சதவீதம்! படகு விடுற பொண்ணுக்கோ 4 சதவீதம்தான். 'குடும்பம், குழந்தைனு வேலையை விட்டுடுவாங்க' என்ற சந்தேகமாம். வசதி இருந்தும் பொண்ணுங்களுக்கு அது கைகொடுக்கலை பாருங்க.

'அட, அமெரிக்கக் கதைப்பா!' என்று பக்கத்தைப் புரட்டிடாதீங்க. அப்போது ஹார்வர்டில் பேராசிரியராக இருந்த அஜந்தா சுப்ரமணியன், நம்ம சென்னை ஐ.ஐ.டி.யை வெச்சு 2019-ல் ஒரு புத்தகம் எழுதினார். தலைமுறை தலைமுறையாகச் சாதி தந்த படிப்பும் வசதியும், ஒரு நுழைவுத் தேர்வைத் தாண்டியதும் 'மெரிட்'னு பேர் மாறிடுது என்கிறார். இட ஒதுக்கீட்டில் வந்தவருக்கு மட்டும் சாதி இருக்கிற மாதிரியும், மத்தவங்களுக்கு வெறும் மூளைதான் இருக்கிற மாதிரியும் ஒரு தோற்றம்!

இதெல்லாம் தெரிஞ்சு நமக்கு என்ன லாபம்? டெக்னிக்கல் ரவுண்டை ஊதித் தள்ளிட்டு, ஹெச்.ஆர். ரவுண்டில் 'கம்யூனிகேஷன் போதாது'னு வெளியே வந்து, ஹாஸ்டல் மொட்டை மாடியில் தனியா உட்கார்ந்திருக்கும் ஃப்ரெண்ட் உங்களுக்கும் இருப்பாங்க. அவங்ககிட்ட சொல்லுங்க: அங்கே போட்ட மார்க்கில் ஒரு பங்கு உனக்கானதே இல்லை, நீ பிறந்த வீட்டுக்கானது. கூச்சமில்லாமல் பேசறது பிறவி வரம் இல்லை. டின்னர் மேஜையில் கத்துக்கொடுத்தால் வருதுன்னா, காலேஜ்லயும் கத்துக்கொடுக்கலாம். அதுக்காக, கத்துக்கிட்டா எல்லாம் சரியாயிடும்னு கதை விடமாட்டேன். பிரிட்டனில் சாம் ஃப்ரீட்மேன், டேனியல் லாரிசன் இருவரும் 2019-ல் எழுதிய புத்தகத்தின்படி, உழைக்கும் குடும்பத்திலிருந்து பெரிய வேலைக்குப் போனவங்களும், வசதியான வீட்டிலிருந்து வந்த சக ஊழியர்களைவிடச் சராசரியாக 16 சதவீதம் குறைவாத்தான் சம்பாதிக்கிறாங்க.

மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார நமக்கு இன்னும் பத்து வருஷம் ஆகும்னு நினைக்காதீங்க. சிம்போசியம் கமிட்டிக்கும் கல்ச்சுரல்ஸ் டீமுக்கும் ஜூனியர்ஸை எடுக்கறது யாரு? நாமதானே! அடுத்த தடவை உட்காரும்போது, எதுக்கெல்லாம் மார்க் போடப் போறோம்னு முதல்லயே ஒரு பேப்பர்ல எழுதிடுங்க. 'நல்ல பையன்தான், ஆனா நமக்கு செட் ஆக மாட்டான்' என்று யாராவது சொன்னா, அந்தப் பேப்பரை நீட்டி, 'இதுல எந்த லைன் மச்சி?' என்று கேளுங்க!