பிள்ளையின் காசைப் பிள்ளையிடம் கொடுங்கள்

ஊரிலிருந்து வந்த பெரியப்பா கிளம்பும்போது பிள்ளையின் கையில் 200 ரூபாய்த் தாளைத் திணித்துவிட்டுப் போகிறார். அவர் தெருமுனை திரும்புவதற்குள் அந்தத் தாள் நம் கைக்கு வந்துவிடுகிறது. “தொலைச்சிடுவே, நான் பத்திரமா வச்சிருக்கேன்.” பொங்கல் காசு, தீபாவளிக் காசு, காதுகுத்துக்கு வந்த காசு எல்லாமே இந்தக் கதிதான். பத்திரமாக வைத்தது திரும்ப வந்ததாகச் சொல்லும் ஒரு பிள்ளையையும் நான் பார்த்ததில்லை. மாசக் கடைசியில் இழுபறியானால் மண் உண்டியலையும் கவிழ்த்து, துளை வழியே நோட்டை உருவிப் பால் பாக்கியை அடைக்கிறோம். பிறகு அதே பிள்ளையைப் பார்த்து, “காசைச் சேர்த்து வைக்கிற புத்தியே இல்லை” என்று கடிந்துகொள்கிறோம். வாங்கியதைத் திருப்பித் தராத ஆளிடம் நீங்கள் மறுபடி பணம் கொடுத்து வைப்பீர்களா?

கடைக்கு அனுப்புவதையும் கெடுத்துக்கொண்டோம். நூறு ரூபாயோடு போகும் பிள்ளை, “கால் கிலோ துவரம்பருப்பு, ஐம்பது கடுகு” என்று வழியெல்லாம் முணுமுணுத்தபடி போகும். வந்ததும் மீதியை எண்ணி வைக்க வேண்டும். ஐந்து ரூபாய் குறைந்தால் மறுபடி கடைக்கு ஓட வேண்டும். பணப் பாடத்தில் பாதி அந்த மீதிச் சில்லறையில் இருந்தது. எங்கள் தெரு மளிகைக் கடையில் இன்று பார்ப்பது வேறு. ஐந்தாம் வகுப்புப் பையன் அம்மாவின் போனை நீட்டி ஸ்கேன் செய்கிறான். ரகசிய எண்ணைப் பார்க்காமலே தட்டுகிறான். கல்லாப் பெட்டிமேல் இருக்கும் ஸ்பீக்கர் தொகையைச் சொல்லி முடிப்பதற்குள் சிப்ஸ் பாக்கெட் பிரிந்துவிடுகிறது. விலை கேட்கவுமில்லை, மீதி வாங்கவுமில்லை. யுபிஐ வந்தது 2016-ல். இந்தப் பிள்ளைகள் பிறந்ததே அதையொட்டித்தான். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? அந்த எண்ணைச் சொல்லிக் கொடுத்தது யார்? சோபாவிலிருந்து எழுந்திருக்கச் சோம்பல்பட்ட நாம்தானே?

அதே எண்தான் நள்ளிரவில் விளையாட்டுக்குள் வைரமும் துப்பாக்கியும் வாங்க உதவுகிறது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025-ல் மத்தியச் சட்டம் தடைசெய்தது. ஆனால் விளையாட்டுக்குள் வைரம் விற்பதை அது தடுக்கவில்லை. கணக்கில் ஆயிரக்கணக்கில் குறைந்த பிறகு பிள்ளையைப் போட்டு அடிப்பதில் எந்த நியாயமும் இல்லை. எண்ணை இன்றே மாற்றுங்கள்.

இதைவிடப் பெரிய தவறு, வீட்டுக் கணக்கை மறைப்பது. ஜூன் மாதம் பள்ளிக் கட்டணத்துக்கு வளையல் அடகுக் கடைக்குப் போகிறது. சமையலறையில் குசுகுசு என்று பேச்சு. “போய்ப் படி, இதெல்லாம் உனக்கெதுக்கு?” பிள்ளைக்குத் தெரியாது என்று நாம்தான் நினைத்துக்கொள்கிறோம். அம்மாவின் கை வெறுமையாக இருப்பது அதன் கண்ணில் படாமலா போகும்? காரணம் தெரியாததால் ராத்திரி தனியாகப் பயந்துகொண்டு படுத்திருக்கும். திங்கட்கிழமை “அப்பாகிட்ட காசு இல்லை” என்று சொல்லிவிட்டுச் சனிக்கிழமை மாலில் இரண்டாயிரத்தை இறைக்கிறோம். அப்பா சொன்னது பொய், அடம்பிடித்தால் காசு வரும் என்பதைத்தான் அது கற்றுக்கொள்கிறது.

வட்டியை மறைக்கவே கூடாது. ஒரு நோட்டில் எழுதிக் காட்டுங்கள். அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் ஆண்டுக்கு 4 சதவீத வட்டி; 1,000 ரூபாய் போட்டால் வருஷத்துக்கு 40 ரூபாய் வரும். அதே ஆயிரத்தை ‘மூணு வட்டி’க்குக் கடன் வாங்கினால் மாதம் 30, வருஷத்துக்கு 360 ரூபாய் போகும். தவணை தவறினால் பல கிரெடிட் கார்டுகளிலும் மாதத்துக்கு 3 சதவீதத்துக்கு மேல்தான். வழவழப்பான அட்டை என்பதால் அது மூணு வட்டி என்றே யாருக்கும் தோன்றுவதில்லை. நாற்பதையும் முந்நூற்று அறுபதையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்த பிள்ளை நாளைக்கு எளிதில் கடனில் விழாது.

ஒரு காலத்தில் பள்ளியிலேயே சஞ்சாயிகா சிறுசேமிப்பு இருந்தது, மாணவர்களே கணக்கெழுதினார்கள். இன்று அந்தப் பொறுப்பு வீட்டுக்கு வந்திருக்கிறது. 10 வயது நிரம்பிய பிள்ளை அஞ்சலகத்தில் தன் பெயரிலான கணக்கைத் தானே கையெழுத்துப் போட்டு நடத்தலாம். 500 ரூபாய் இருந்தால் தொடங்கிவிடலாம். மகளுக்குச் செல்வமகள் கணக்கு வைத்திருப்பவர்கள் அந்தப் பாஸ்புக்கை என்றைக்காவது அவளிடம் காட்டியிருக்கிறீர்களா? பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் கிடந்தால் அவளுக்கு எப்படித் தெரியும்?

வாரத்துக்கு ஒரு தொகை கொடுங்கள். ஐம்பதோ நூறோ, உங்கள் வசதிப்படி. திங்கட்கிழமையே தீர்த்துவிட்டு வந்தால் திட்டாதீர்கள், மறுபடியும் தராதீர்கள். புதன்கிழமை கையில் காசில்லாமல் நிற்கும் அந்த அவஸ்தையை அது படட்டும். சிரமம் நமக்குத்தான்; முகம் வாடினால் மனசு கேட்காது. பாட்டி முந்தானையிலிருந்து இருபதை அவிழ்த்துக் கொடுப்பார். பாட்டியிடமும் பக்குவமாகச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரும் மின் கட்டணத்தைப் பிள்ளையின் முன்னால் விரித்து வையுங்கள். முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினால் விலைப் படியே மாறிவிடும்; ஒரே ஒரு யூனிட் கூடினாலும் இருநூறு ரூபாய்க்கு மேல் எகிறும். இதைப் புரிந்துகொண்ட பிள்ளை யாரும் சொல்லாமலே மின்விசிறியை அணைக்கும்.

“உங்க சம்பளம் எவ்வளவுப்பா?” என்று அது கேட்டால் வாயை அடைக்காதீர்கள். தொகையைச் சொல்லுங்கள். வாடகை, கட்டணம், வட்டி போக எவ்வளவு மிஞ்சுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வெளியில் உளறிவிடும் என்று பயந்தால், வீட்டுக் கணக்கை வெளியே பேசக்கூடாது என்று அப்போதே சொல்லிக் கொடுங்கள். கேட்டுக்கொள்ளும்.