ஓர்காவுக்கு எந்தத் தொட்டி போதும்?

2019 நவம்பரில் வெளிவந்த 'பிளானட் ஸூ' கணினி விளையாட்டில் நமக்கென்று ஒரு மிருகக்காட்சி சாலையையே கட்டி நடத்தலாம். நம் காட்டுத் தாப்பிர்கூட 2021-இல் அதில் சேர்ந்துவிட்டது. திமிங்கிலமும் டால்பினும் மட்டும் இல்லை. "அவற்றையும் சேர்த்தால் என்ன?" என்று பல்கலைக்கழக நண்பர்கள் கேட்கிறார்கள். சேர்க்கவே கூடாது என்பேன்.

முன்பு சேர்த்தும் பார்த்தார்கள். 2002-இல் வந்த 'ஸூ டைகூன்: மரைன் மேனியா'வில் ஓர்காவும் டால்பினும் இருந்தன. தொட்டி கட்டி, சாகசக் காட்சி நடத்திக் காசு பார்க்கலாம். தொட்டி பெரிதாகவும் நீர் சுத்தமாகவும் இருந்தால் விலங்கு மகிழ்ச்சியாக இருப்பதாகத் திரை சொல்லும்.

சிக்கல் அங்கேதான். பணத்தைக் கொட்டி இடத்தைச் சரிசெய்தால் எந்த விலங்கும் நலமாக வாழும் என்பது இவ்வகை விளையாட்டுகளின் அடிப்படை விதி. தாப்பிருக்கு அது ஓரளவு பொருந்தலாம். ஒரே நாளில் 100 கிலோமீட்டருக்கும் மேல் நீந்தக்கூடிய, தாயையும் உடன்பிறப்புகளையும் விட்டுப் பிரியாமல் கூட்டமாக வாழும் ஓர்காவுக்கு எவ்வளவு பெரிய தொட்டி கட்டுவீர்கள்?

விளையாட்டில் ஒரு சொடுக்கில் விலங்கு வந்து இறங்கிவிடும். உண்மையில் எப்படி வருகிறது? செனாயில் இருக்கும் நமக்கு, ஜொகூர் பாலத்தைத் தாண்டினால் செந்தோசா. அங்குள்ள உல்லாசத் தளத்திற்காக 2008, 2009-ஆம் ஆண்டுகளில் சாலமன் தீவுகளின் கடலில் பிடிபட்ட 27 டால்பின்கள் வாங்கப்பட்டன. அவற்றில் இரண்டு, 2010-இல் நம் லங்காவியில் வைக்கப்பட்டிருந்தபோதே பாக்டீரியா தொற்றால் இறந்தன. இன்னொன்று 2012 நவம்பரில் பிலிப்பைன்ஸிலிருந்து சிங்கப்பூருக்கு வரும் விமானத்திலேயே உயிரை விட்டது. பார்வையாளர் ஒருவர்கூட வருவதற்கு முன்பே மூன்று போய்விட்டன! இந்தக் கணக்கைக் காட்டும் விளையாட்டை நான் பார்த்ததில்லை.

சென்னைக்கு அருகே டால்பின் காட்சி நடத்த 1990-களின் இறுதியில் வரவழைக்கப்பட்ட டால்பின்களும் சில மாதங்களிலேயே இறந்தன. 2013 மே மாதம், டால்பின் காட்சியகங்களுக்கு அனுமதி தரக்கூடாது என்று இந்திய அரசு மாநிலங்களுக்கு அறிவித்தது.

"யானையும்தானே பல மைல் நடக்கிறது, அதை மட்டும் ஏன் விடுகிறாய்?" என்று ஒரு தோழி மடக்கினாள். நியாயமான கேள்விதான். யானையை அடைத்து வைப்பதிலும் எனக்கு முழுச் சம்மதமில்லை. ஆனால் யானைக்கு நிலத்தை விரித்துக்கொண்டே போகலாம், மரத்தையும் சேற்றையும் கொண்டுவரலாம். கடலை எங்கிருந்து கொண்டுவருவது?

விளையாடினால்தான் பிள்ளைகளுக்குக் கடல் விலங்குகள்மேல் அன்பு வரும் என்பார்கள். அப்படியானால் வேறு மாதிரி ஒரு விளையாட்டைத் தயாரியுங்கள். பேராக் மாநிலத்தின் மாத்தாங் கரையோரத்தில் டால்பின்களும் மீன்பிடிப் படகுகளும் ஒரே நீரைப் பகிர்கின்றன. அங்கே வலையில் சிக்கிய ஒரு டால்பினை, மீனவரின் பிழைப்பும் கெடாமல், விடுவிக்கும் கட்டத்தை வையுங்கள். நுழைவுச் சீட்டு இல்லாவிட்டாலும் நான் முதல் ஆளாக விளையாடுவேன்.