கண்ணடித்த விளக்கை ஊமையாக்கியது யார்?

டேஷ்போர்டில் மஞ்சள் கலரில் குட்டியாக ஒரு எஞ்சின் படம் எரியும். அதற்கு என்ன அர்த்தம்? ஏதோ கோளாறு. என்ன கோளாறு? அதைச் சொல்ல மாட்டேன், மெக்கானிக்கிடம் போ! இன்றைய காருக்கும் அதன் சொந்தக்காரருக்கும் நடக்கும் பேச்சுவார்த்தை இவ்வளவுதான். லட்சக்கணக்கில் கொட்டிக் கொடுத்து வாங்கிய வண்டி, வாங்கியவரிடமே வாயைத் திறக்க மாட்டேன் என்கிறது. கேட்டால் இதற்குப் பெயர் முன்னேற்றமாம்.

காருக்கு விஷயம் தெரியாமல் இல்லை மக்களே. நன்றாகவே தெரியும். விளக்கை எரிய விடும்போதே எஞ்சின் கம்ப்யூட்டர் ஒரு எரர் கோடைத் தன் மெமரியில் எழுதி வைத்துவிடுகிறது. பி0301 என்றால் முதல் சிலிண்டர் ஒழுங்காக எரியவில்லை. பி0171 என்றால் கலவையில் காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை. பி0420 என்றால் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை. மொத்தம் ஐந்தே எழுத்து. கிலோமீட்டர் காட்டும் சின்னத் திரையே இதற்குத் தாராளம். ஆனால் காட்டாது.

ஒரு காலத்தில் காட்டியது. அதுதான் வயிற்றெரிச்சல்!

1980களிலும் 1990களின் முற்பாதியிலும் அமெரிக்காவில் ஓடிய ஜெனரல் மோட்டார்ஸ் கார்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே 12 துளைகள் கொண்ட ஒரு கனெக்டர் இருக்கும். அதில் ஏ, பி என்ற இரண்டு துளைகளை ஒரு பேப்பர் கிளிப்பை வளைத்து இணைக்க வேண்டும். பிறகு சாவியைத் திருப்ப வேண்டும், எஞ்சினை ஸ்டார்ட் செய்யக்கூடாது. உடனே 'செக் எஞ்சின்' விளக்கு கண்ணடிக்க ஆரம்பிக்கும். ஒரு மின்னல், சின்ன இடைவெளி, இரண்டு மின்னல். அதாவது 12. "நான் விழித்திருக்கிறேன், எஞ்சின் ஓடவில்லை" என்று கம்ப்யூட்டர் வணக்கம் சொல்கிறது. அதற்குப் பிறகு மெமரியில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் மும்மூன்று தடவை மின்னிக் காட்டும். 13 வந்தால் ஆக்சிஜன் சென்சார் சர்க்யூட். 44 வந்தால் புகையில் ஆக்சிஜன் அதிகம், பெட்ரோல் போதவில்லை.

டொயோட்டாவில் டிஇ1, இ1 என்ற இரண்டு முனைகளுக்கு நடுவே ஒரு துண்டு வயர். கிரைஸ்லரில் அதுகூட வேண்டாம். ஐந்து விநாடிக்குள் சாவியை ஆன்-ஆஃப்-ஆன்-ஆஃப்-ஆன் என்று திருப்பினால் போதும், விளக்கு எண்ணிக் காட்டும், கடைசியில் 55 என்று முற்றுப்புள்ளி வைக்கும். செலவு பூஜ்யம். தேவை இரண்டு கண், ஒரு பென்சில், கொஞ்சம் பொறுமை.

சரி, அந்தக் காலம் பொற்காலமா? இல்லை. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு பாஷை. 25 என்பது டொயோட்டாவில் பெட்ரோல் குறைந்த கலவை. பல ஜெனரல் மோட்டார்ஸ் மாடல்களில் அது உள்ளே போகும் காற்றின் வெப்பநிலையை அளக்கும் சென்சார். இந்தக் குழப்பத்தை ஒழிக்க வந்ததுதான் ஓபிடி-2. அமெரிக்காவில் 1996 மாடல் கார்கள் எல்லாவற்றுக்கும் கட்டாயமானது. எல்லாருக்கும் ஒரே 16 முனை கனெக்டர், அடிப்படைக் கோளாறுகளுக்கு ஒரே எண்கள். நல்ல காரியம், சந்தேகமே இல்லை. இந்தியாவிலும் 2013 ஏப்ரலில் பிஎஸ்-4 கார்களுக்கு ஓபிடி-2 வந்துவிட்டது.

ஆனால் பாஷையை ஒன்றாக்கிய கையோடு பெரும்பாலான வண்டிகளில் வாயையும் தைத்துவிட்டார்கள். இனிமேல் படிக்க வேண்டுமானால் ஸ்கேனர் வேண்டும். பழைய ஞாபகத்தில் இந்தப் 16 முனையில் பேப்பர் கிளிப்பைச் செருகிவிடாதீர்கள். 16வது முனையில் எப்போதும் பேட்டரி கரண்ட் இருக்கும். 4வது முனை எர்த். இரண்டும் தொட்டால் ஃப்யூஸ் அம்பேல்!

சட்டமும் பாதி வழியில் நின்றுவிட்டது. அமெரிக்காவின் 1990ம் ஆண்டு சுத்தக் காற்றுச் சட்டத் திருத்தம், இந்தத் தகவலை எடுக்க தயாரிப்பாளரிடம் மட்டுமே கிடைக்கும் கருவி தேவைப்படக் கூடாது என்று சொன்னது. அருமை. ஆனால் கருவியே தேவைப்படக் கூடாது என்று சொல்லவில்லை. அந்த ஒரு வரி இடைவெளியில்தான் காரின் சொந்தக்காரர் மாட்டிக்கொண்டு முழிக்கிறார்.

முடியாததால் செய்யவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஓபிடி-2 வந்த பிறகும் 2000களில் சில கிரைஸ்லர், டாட்ஜ், ஜீப் வண்டிகளில் அதே சாவி வித்தையைச் செய்தால் ஓடோமீட்டர் திரையிலேயே பி எண் வந்து நின்றது. அந்தத் துக்கடா திரையில் முடிந்த காரியம், இன்று போனில் யார் கூப்பிடுகிறார்கள் என்று படத்தோடு காட்டும் பத்து இஞ்ச் டச் ஸ்கிரீனில் முடியாதா?

எதிர்வாதம் ஒன்று: 'ப்ளூடூத் அடாப்டர்தான் மலிவாகக் கிடைக்கிறதே, வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே?' கிடைக்கிறதுதான். ஆனால் கேள்வி விலை பற்றியது அல்ல. பேங்கில் பணம் போட்டவர் தன் பேலன்ஸைத் தெரிந்துகொள்ள வெளிக்கடையில் ஒரு மெஷின் வாங்க வேண்டும் என்றால் சும்மா விடுவோமா? இருக்கும் தகவலைக் காட்ட இன்னொரு பொருள் எதற்கு? அதுவும் நடுராத்திரி நெடுஞ்சாலையில் விளக்கு எரியும்போது அந்த அடாப்டர் வீட்டு மேஜை டிராயரில்தான் பத்திரமாக இருக்கும்.

எதிர்வாதம் இரண்டு: 'சாமானியருக்கு எண்ணைக் காட்டினால் தப்பாகப் புரிந்துகொண்டு தேவையில்லாத பார்ட்ஸை மாற்றுவார்.' இதில் கொஞ்சம் உண்மை உண்டு. பி0171 வந்தால் எங்காவது வேக்குவம் ஹோஸ் கிழிந்திருக்கலாம், காற்றை அளக்கும் சென்சாரில் அழுக்கு படிந்திருக்கலாம், பெட்ரோல் பம்ப் சோர்ந்திருக்கலாம். எண் என்பது நோயின் பெயர் இல்லை, எங்கே வலிக்கிறது என்பது மட்டும்தான். ஆனால் பிளட் டெஸ்ட் ரிப்போர்ட் நோயாளிக்கு முழுசாகப் புரியாது என்பதற்காக அதை லேபிலேயே பூட்டி வைக்கிறார்களா?

எதிர்வாதம் மூன்று: 'கோடை அழித்துவிட்டு புகைச் சோதனையில் ஏமாற்றுவார்கள்.' ஐயா, படிப்பது வேறு, அழிப்பது வேறு. கேட்பது படிக்கும் உரிமையை மட்டும். அழித்தாலும் கம்ப்யூட்டரின் சுயபரிசோதனைக் கணக்கும் சேர்ந்தே அழிந்துபோவதால், கனெக்டரில் கருவி மாட்டிப் பார்க்கும் சோதனையில் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இனி காசுக் கணக்கு. பொருளாதார நிபுணர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970ல் ஒரு கட்டுரை எழுதினார். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாவிட்டால் சந்தை எப்படிக் கெட்டுப்போகும் என்று விளக்கினார். 2001ல் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் என்ன தெரியுமா? பழைய கார்! அந்த மஞ்சள் விளக்கு அதே கதையின் அடுத்த அத்தியாயம். அமெரிக்காவில் பெட்ரோல் டேங்க் மூடியைச் சரியாக மூடாவிட்டாலும் அந்த விளக்கு எரியும். கன்வெர்ட்டர் செத்தாலும் அதே விளக்குதான். ஒன்றுக்கு மருந்து மூடியைத் திருகுவது. இன்னொன்றுக்கு பர்ஸ் காலி. இரண்டில் எது என்று தெரியாமல் ஒர்க்‌ஷாப் வாசலில் நிற்பவர் பேரம் பேச முடியுமா? எதிரே நிற்கும் மெக்கானிக் நேர்மையானவர் என்றாலும் அதை நிரூபிக்க அவருக்கும் வழியில்லை. நல்லவரும் சேர்ந்தே சந்தேகத்துக்கு ஆளாகிறார்.

விளக்கு சொல்லும் ஒரே ஒரு விஷயம் உண்டு, அதையாவது தெரிந்துகொள்ளுங்கள். நிலையாக எரிந்தால் சீக்கிரம் காட்ட வேண்டும். விட்டு விட்டு மின்னினால், எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டரைக் கெடுக்கும் அளவுக்கு மிஸ்ஃபயர் ஆகிறது என்று பொருள். உடனே வேகத்தைக் குறைத்து ஓரம்கட்டுங்கள்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012ல் பழுதுபார்க்கும் உரிமைச் சட்டம் வந்தது. 2020ல் அதை விரிவாக்கக் கேட்டபோது, ஓட்டுப் போட்டவர்களில் நான்கில் மூன்று பங்குப் பேர் சரி என்றார்கள். ஜனங்களுக்கு விஷயம் புரிந்திருக்கிறது. புரியாத மாதிரி நடிப்பவர்களுக்கு ஒரே ஒரு விதி போதும்: எஞ்சின் விளக்கு எரிந்தால், அதற்கான எண்ணும் ஒரு வரி விளக்கமும் அதே டேஷ்போர்டில் தெரிய வேண்டும். புது சென்சார் வேண்டாம், புது வயர் வேண்டாம். சில வரி புரோகிராம் போதும். அதை எழுதாமல் இருப்பதால் யாருக்கு லாபம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், மீதி தானாக விளங்கும்.