ஏரிக்கு அடியில் ஓர் அடுப்பு!

காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றியில் தாய் கை வைத்துப் பார்க்கிறாள். சிறிது நேரம் கழித்து மறுபடியும் வைத்துப் பார்க்கிறாள். ஒரு தடவை பார்த்தது போதும் என்று எந்தத் தாயும் இருந்துவிடுவதில்லை. எரிமலைப் பகுதியில் உள்ள ஏரியையும் அப்படித்தான் கவனிக்க வேண்டும்.

நியூசிலாந்து நாட்டின் வடக்குத் தீவில் ஓர் ஏரி இருக்கிறது. பெயர் ரோட்டோமகானா. அந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் மொழியில் இதற்கு "வெதுவெதுப்பான ஏரி" என்று பொருள். அடியில் சூடு இருப்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது.

அந்தக் காலத்தில் இதன் கரையில் வெள்ளை நிறத்திலும் இளஞ்சிவப்பு நிறத்திலும் அழகான படிக்கட்டுகள் இருந்தன. மனிதர் கட்டியவை அல்ல. வெந்நீர் ஊற்றில் கரைந்து வந்த சிலிக்கா என்ற பொருள் படிந்து படிந்து உண்டானவை. கடல் கடந்து வந்து பலர் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஒரே இரவில் அழிந்தது

1886-ம் ஆண்டு மே 31-ந் தேதி. பக்கத்தில் உள்ள தாராவேரா ஏரியில் படகில் போனவர்கள், மர்மமான படகு ஒன்றைக் கண்டதாகச் சொன்னார்கள். கெட்ட சகுனம் என்று ஊரில் பேச்சு எழுந்தது.

ஜூன் 10-ந் தேதி அதிகாலையில் தாராவேரா மலை வெடித்தது. வெடிப்பு ரோட்டோமகானா வரை நீண்டது. படிக்கட்டுகள் மறைந்தன. கிராமங்களைச் சேறும் சாம்பலும் மூடின. சுமார் 120 பேர் மாண்டார்கள். வெடித்த பள்ளத்தில் பின்னர் நீர் நிரம்பி, ஏரி முன்னைவிடப் பெரிதாகிவிட்டது.

அந்த மக்களைக் குறை சொல்ல முடியாது. பூமிக்கு அடியில் நடப்பதை அறிய அவர்களிடம் கருவி ஏது?

எப்படி அளக்கிறார்கள்?

இன்று கருவி இருக்கிறது. நீண்ட கம்பியில் வரிசையாகத் தெர்மாமீட்டர்களைப் பொருத்தி, ஏரியின் அடிச் சேற்றில் இறக்குகிறார்கள். கீழே போகப் போகச் சூடு எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கிறார்கள். சேறு எவ்வளவு சுலபமாகச் சூட்டைக் கடத்துகிறது என்றும் கண்டறிகிறார்கள். இரண்டையும் பெருக்கினால் கணக்கு வந்துவிடும்.

சேறு இல்லாமல் பாறையாக இருந்தால் கம்பி இறங்காதே! அதற்கும் வழி உண்டு. 2014-ல் அமெரிக்க, நியூசிலாந்து விஞ்ஞானிகள் ரோட்டோமகானாவின் அடியில் போர்வை போன்ற கருவியை வைத்தார்கள். போர்வையின் மேல்புறச் சூட்டுக்கும் கீழ்ப்புறச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கொண்டு கணக்கிட்டார்கள்.

சாதாரண நிலத்தில் பூமியின் சூடு மிகக் குறைவாகவே வெளிவருகிறது. ஒரு 60 வாட் பல்புக்குச் சமமான சூடு வெளிவர, சுமார் 900 சதுர மீட்டர் நிலம் வேண்டும். எரிமலை ஏரியின் அடியிலோ, சில இடங்களில் இதைப்போல் பல நூறு மடங்கு சூடு வருகிறது!

வீண் செலவா?

எரிமலை எந்தத் தேதியில் வெடிக்கும் என்று இந்தக் கணக்கு சொல்லுமா? சொல்லாது. அப்படியானால் எதற்கு இந்தச் செலவு என்று சிலர் கேட்கலாம்.

நோய் எப்போது வரும் என்று தெர்மாமீட்டரும் சொல்வதில்லை. அதற்காக எந்த டாக்டரும் அதைத் தூக்கி எறிவதில்லை. இன்றைய சூடு தெரிந்தால்தான், நாளை அது ஏறினால் தெரியும். நில அதிர்ச்சி, வாயுக் கசிவு, தரை உப்புதல் ஆகியவற்றோடு இதையும் சேர்த்துப் பார்த்தால், கரையில் வாழ்கிறவர்களை எச்சரிக்க வழி பிறக்கும்.

ஆனால் ஒரு தடவை அளந்து, நோட்டில் எழுதி மூடி வைத்தால் பயன் இல்லை. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை, அதே இடங்களில் மறுபடியும் அளக்க வேண்டும். எரிமலை ஏரி உள்ள நாடுகள் இதற்கு ஒழுங்காகப் பணம் ஒதுக்க வேண்டும். போன 120 உயிரை எந்தப் பணத்தாலும் மீட்க முடியாது.

மேலே நீர் அமைதியாக இருப்பதால், கீழே உள்ள அடுப்பு அணைந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. அடிக்கடி குனிந்து பார்த்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.